மரத்துப்போன கன்னத்தில் அலகு

எங்கள் ஊர் அம்மனுக்குப் பன்னிரண்டு வருஷமாக ஆடியில் அலகு குத்திக்கொண்டவர் இருசப்பன். மற்ற நாளெல்லாம் தாமோதரன் கழனியில் ஏர் ஓட்டும் கூலியாள். வரப்பில் அவருக்குக் கிடைக்கும் மரியாதை "டேய், சோம்பேறி". அலகு குத்திய அன்று மட்டும் அதே தாமோதரன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து, இவர் காலில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார். அதற்காகத்தான் மனுஷன் வருஷம் முழுக்க உயிரோடிருந்தார்.

அம்மன் இறங்கினால் வலிக்காது என்பது ஊர் நம்பிக்கை. உயிர் போகும் என்பது இருசப்பனுக்கு மட்டும் தெரியும். கண் செருகுவது, உடம்பு உதறுவது எல்லாமே வலிதான். ஊர் அதை அருள் என்று கும்பிட்டது; அவரும் மறுக்கவில்லை.

1963இல் திருவிழாவன்று காலை, கடைவாய்ப் பல் வலி தாங்காமல் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டர் ஈறில் சைலோகெயின் ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கினார். இடது கன்னம் கட்டையாக மரத்துவிட்டது.

"மூணு மணி நேரம் ஒண்ணும் தெரியாது. அப்பறம் வலிக்கும். நானே வந்து மாத்திரை தரேன்" என்றார் எங்கள் ஊர்க்காரரான கம்பவுண்டர் ஐசக். அலகைப் பற்றி இருசப்பன் மூச்சு விடவில்லை. இந்த வருஷமாவது சொகுசாகக் குத்திக்கொள்ளலாம் என்று நினைப்பு.

பூசாரி வேதகிரி அந்த இடது கன்னத்திலேயே அலகை ஏற்றினார். கொசு கடித்த அளவுகூட இல்லை. இருசப்பன் பாட்டுக்குக் கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று நினைவு வந்து உடம்பை உதறிப் பார்த்தார். தானாக வந்ததை நடிக்கத் தெரியவில்லை.

"ஆத்தா வர்ல போல கீதே" என்று வேதகிரி அலகை உருவிவிட்டார். தாமோதரன் குடத்தோடு திரும்பிப் போய்விட்டார். இருசப்பனுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

கோயில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மதியத்துக்கு மேல் மரப்பு விட்டது. பல் பிடுங்கிய குழியும் அலகு போட்ட ஓட்டையும் சேர்ந்து விழித்துக்கொண்டன. கண் செருகியது, கைகால் உதறியது.

"இன்னாய்யா ஆவுது உனுக்கு?" என்று மனைவி சிட்டம்மாள் அலறினாள். ஊரே கூடிவிட்டது.

"ஆத்தா இப்பத்தான் வந்துகினு கீறா" என்று வேதகிரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். தாமோதரன் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

அவருக்கு முன்னால் ஐசக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இருசப்பன் காதருகே குனிந்தார். "வாயத் தொற. இத்த முழுங்கு, வலி போயிடும்."

இருசப்பன் வலியில் துடித்தபடியே அவர் கையைத் தள்ளினார்.

"அப்பறம் முழுங்கறேன் சார். மொதல்ல அவரு தண்ணி ஊத்தட்டும்."