எல்சிக்குத் தண்ணீர்

உத்தனப்பள்ளிச் சேரியில் எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று படிக்கத் தெரிந்தவள் சூசைமேரி ஒருத்திதான். மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். அந்தப் படிப்பு அவளைக் கொண்டுபோய் நிறுத்திய இடம், பண்ணை வீட்டு மாட்டுக் கொட்டகை. சாணி அள்ளினாள்.

ஐம்பத்து மூன்றாம் வருடக் கோடையில் சேரிக் கிணறு வற்றிப்போனது. பண்ணைக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. ஆனால் சேரிக்காரர்கள் அதில் கயிறு போடக் கூடாது. குடத்தை வைத்துவிட்டு, யாராவது மனம் வந்து இறைத்து ஊற்றும் வரை தள்ளி நிற்க வேண்டும். நிறைமாதக்காரியான மகள் மேரிராணியும் அப்படித்தான் வெயிலில் நின்றாள். 

பண்ணைக்கார அம்மாள் நாகம்மாவுக்குக் கதை என்றால் உயிர். தெலுங்கு பேசுகிற வீடு, தமிழ் எழுத்து தெரியாது. மத்தியானங்களில் அவள் கூடத்தில் சாய்ந்திருக்க, சூசைமேரி வாசலுக்கு வெளியே நின்று உரக்கப் படிப்பாள். அந்தக் கோடையில் பாதிரியாரிடம் வேண்டுமென்றே ஒரு புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள். அமெரிக்காவில் எல்சி என்ற கறுப்பு அடிமைப் பெண், தாகத்தோடு வீடு வீடாகப் போய் விரட்டப்படும் கதை.

நாகம்மா தேம்பித் தேம்பி அழுதாள். "பாபம், பாபம்! கறுப்பா பொறந்தா மனுசி இல்லியா? நானா இருந்தா என் கையால மொண்டு குடுத்திருப்பேன்."

இதற்காகத்தானே பத்து நாளாகத் தொண்டை வறளப் படித்தாள்! "அம்மா, மேரிராணிக்கு நாளு நெருங்கிடுச்சி. எங்களுக்கு வேணுங்கிறத நாங்களே எறைச்சிக்கிறோமே" என்றாள்.

நாகம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். "என்னாடி பேசற? எல்சி எங்க, நீங்க எங்க? அவ என்னா உங்க சாதியா?"

கோபம்கூட இல்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். பாட்டி சூசைமேரி சொல்லிக் கேட்ட எனக்கு அதுதான் இன்றுவரை ஆறவில்லை. அந்த அழுகை வேஷமாக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

அடுத்த சந்தையில் நாகம்மா ஒரு கறுப்புக் கிடாரிக் கன்று வாங்கி, அதற்கு ஆசையாக எல்சி என்று பெயர் வைத்தாள். பண்ணையாள் கங்கப்பன் இறைத்த வாளியைத் தானே வாங்கித் தொட்டியில் ஊற்றினாள். "குடி எல்சி, குடி கண்ணு." தொட்டிக்கு நாலடி தள்ளி மேரிராணி காலிக் குடத்தோடு நின்றிருந்தாள்.

மறுநாள் நாகம்மா வேறு கதை கேட்டாள். "கண்ணு தெரியலம்மா" என்றாள் சூசைமேரி. சாகும்வரை அந்த வீட்டில் அவள் ஒரு வரி படிக்கவில்லை. அப்படிச் சொன்ன அன்று அவளுக்கு முப்பத்தெட்டு வயது, கண்ணில் ஒரு குறையும் இல்லை.