மழைக்குக் காலியான வகுப்பு

போன புதன்கிழமையிலிருந்து எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. மழையில் நனைந்தா? இல்லை. வாயைத் திறக்காமல் உள்ளுக்குள்ளேயே கத்தினால் உங்களுக்கும் கட்டும்!

சனிக்கிழமைதோறும் சிகாமட் ஊரில் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்கு ஆட்களைத் தயார் செய்கிறவன் நான். இந்த வருஷ மாணவர்களில் ஒருவர் சொக்கலிங்கம். வட்டிக்கடைச் செட்டியார் வீட்டுப் பிள்ளை. வேட்டியில் ஒரு சொட்டு மசி பட்டாலும் முகம் வாடிப்போகும். உனக்கு எதற்கப்பா இந்த வேலை என்று கேட்டேன். "பிடிச்சிருக்கு சார்" என்றார். அவ்வளவுதான்.

அவருடைய அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, பிடிக்கவில்லை. என் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"இன்ஸ்பெக்டர் முன்னாடி பாடம் நடத்தித் தேறட்டும், அவன் இஷ்டம்னு விட்டுடறேன். தேறலையா... மறுநாளே கடையில பெட்டியடிக்கு வந்து உக்காரணும். ஆமா, சொல்லிட்டேன்!"

ஆக, எல்லாம் ஒரே ஒரு பாடத்தில் இருந்தது. பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடம். பின் பெஞ்சில் இன்ஸ்பெக்டர், அவர் பக்கத்தில் நான். பரீட்சை முடியும்வரை நான் பேசக்கூடாது.

"தம்பி, பாடம் முடியுறவரைக்கும் ஒரு பிள்ளையையும் வெளியே விட்டுடாதீங்க. விட்டீங்க, தொலைஞ்சீங்க" என்று முன்பே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

நன்றாகத்தான் ஆரம்பித்தார். பிள்ளைகளும் பதில் சொன்னார்கள். இன்ஸ்பெக்டரின் பேனாகூட ஒரு தடவை தலையாட்டியது போலிருந்தது.

திடீரென்று வானம் இருண்டது. இடி.

பிள்ளைகளின் கண்ணெல்லாம் வாசலுக்குப் போய்விட்டது. ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டியிருக்கும் மங்கில் மழைத் தண்ணீர் விழுந்தால் பால் வீண். பால் வெட்டும் அம்மாவின் அன்றைய கூலியும் வீண். சொக்கலிங்கத்துக்கு இது தெரியுமா? போய்க் கதவைச் சாத்தினார். சபாஷ் என்று நினைத்தேன்... வெட்கமில்லாமல்.

மாரியாயி என்ற சிறுமி எழுந்துவிட்டாள். "சார், அம்மா மரத்து நெரையில தனியா இருக்காங்க. தங்கச்சி வேற முதுகுல இருக்கு சார்..." அழுகை வந்துவிட்டது அவளுக்கு.

சொக்கலிங்கம் என்னைப் பார்த்தார். விடாதே, விடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

கதவைத் திறந்துவிட்டார்.

"ஓடுங்க! பாலை எடுத்துக் குடுத்துட்டுத் திரும்பி வந்துரணும், சரியா?"

வகுப்பு ஒரே நொடியில் காலி. போதாக்குறைக்கு அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். கெட்டது குடி!

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "பால் எடுக்கப் போன பிள்ளை எந்தத் தோட்டத்திலும் அன்று வகுப்புக்குத் திரும்பியதில்லை" என்றார். எனக்குத் தெரியாதா? கூரையில் மழை கொட்டியது. காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். இன்ஸ்பெக்டர் குடையைத் தேடி எடுத்தார். பாவிப் பயலே, கைக்கு வந்ததைக் கெடுத்துக்கொண்டாயே!

அப்போதுதான் வெளியே சத்தம் கேட்டது.

முதலில் மாரியாயி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொக்கலிங்கம், சட்டையெல்லாம் ரப்பர் பால். பின்னால் முழு வகுப்பும் நனைந்துபோய் நின்றது. யாரும் சொல்லாமலே அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். அவரும் சாக்கட்டியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்து முடித்தார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து மாரியாயியிடம் போனார். "ஏன் திரும்பி வந்தாய்?"

"ஐயோ அலமாக்... சாருக்கு வழி தெரியலங்க! எல்லா மரமும் ஒரே மாதிரி இருக்குல்ல? காட்டுக்குள்ள சுத்திக்கிட்டு நின்னாரு. விட்டுட்டு எப்படிங்க வீட்டுக்குப் போறது? அதான் எல்லாருமா தேடிக் கூட்டியாந்தோம்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து 'தேறினார்' என்று எழுதினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாரல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வகுப்பைக் கட்டி மேய்ப்பவர்தான் வாத்தியார் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறேன் — வகுப்பே தேடிப்போய்க் கூட்டிவருகிற வாத்தியாரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?