இறப்புப் புத்தகத்தில் சரளா

ஃபிஜியின் தலைநகர் சுவாவில் துறைமுகத்தைப் பார்த்து நின்ற ஓர் அரசுக் கட்டடத்தின் பின்னறையில், பிறப்பு இறப்புப் பதிவேடுகளுக்கு நடுவே, சரளா பதினெட்டு வருடம் வேலை பார்த்தாள். பா ஊருக்கு வெளியே கரும்பு பயிரிட்ட சின்னப்பனின் மகள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அந்த ஊர்ப்பக்கம் வரதோலியில் சித்தி தாயம்மா வீட்டில் வளர்ந்து, படித்து, டைப்பிங் பழகி, தலைநகரத்துக்கு வந்தவள். சுவா பக்கத்து நகாசியில் சொந்த வீடு, பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்த கணவன் தர்மேந்திரா, அனிஷ், ரஷ்மி என்று இரண்டு பிள்ளைகள். 1987 மே மாதம் இராணுவம் ஆட்சியைப் பிடிக்கும்வரை, அவளைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருந்தது.

அந்த அறையின் புத்தகங்கள் அவளைவிட மிகவும் மூத்தவை. 1874இல் வெள்ளைக்காரர்கள் தீவுகளை எடுத்துக்கொண்டதும், யார் பிறந்தார்கள், யார் செத்தார்கள் என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். தங்களுக்கு ஓர் அலமாரி, ஃபிஜியருக்கு ஓர் அலமாரி, இந்தியருக்கு ஓர் அலமாரி. இந்தியர் அலமாரியில் பெயரை நம்ப முடியாது. நூறு ராமசாமி, நூறு முனியம்மா. அதனால் கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலில் வந்த பாட்டனுக்குக் கொடுத்த பாஸ் எண்ணைப் பிள்ளையின் பதிவிலும் பேரப்பிள்ளையின் பதிவிலும் போட்டுவைத்தார்கள். ஆளை அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தக் காலத்து அதிகாரி யாரோ எழுதிய ஒரு விதி, பழைய பிறப்புப் புத்தகத்தின் அட்டைக்குள் ஒட்டியிருந்தது. பிறப்பு நகல் கொடுக்குமுன் இறப்புப் புத்தகத்தையும் திறந்து பார்க்க வேண்டும். ஆள் செத்திருந்தால் பிறப்புப் பதிவின் ஓரத்தில் சிவப்பு மையில் அதை எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைக்க வேண்டும். அதன்பிறகு அந்தப் பதிவை வைத்து உயிரோடிருக்கும் எவருக்கும் நகல் கொடுக்கக் கூடாது.

மே மாதத்துக்குப் பிறகு வரிசை படியிறங்கி நடைபாதைவரை போனது. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. எங்கே போவதற்கும் முதலில் பிறப்பு நகல் வேண்டும். வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றார்கள். உள்ளே இருந்தவர்கள் இரண்டாவது புத்தகத்தைத் திறப்பதை ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். சரளா மட்டும் விடவில்லை. அவள் மேசைக்குப் போனால் நேரமாகும் என்று வரிசைக்கே தெரிந்திருந்தது.

ஜூலையில் நவுசோரியிலிருந்து சதேந்திரா என்று ஒருவன் வந்தான். பிறந்து ஒரு மாதத்தில் இறந்த அண்ணனின் பதிவைத்தான் வீட்டார் இவனுக்கு வைத்திருக்கிறார்கள் என்பதை சரளாவின் இரண்டாவது புத்தகம் காட்டியது. அவள் சிவப்பு மையில் எழுதி, நகல் கிடையாது என்றாள்.

"அப்போ செத்தவன்தான் வந்து வரிசையில நிக்கிறேனா, தீதி? சுடுகாட்டுலகூட இவ்வளவு நேரம் காக்க வைக்க மாட்டாங்களே."

வரிசை சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கனடாவுக்குப் போகும் இடம் அவனுக்குக் கைநழுவிப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டாள். விதி விதிதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

செப்டம்பரில் இரண்டாவது முறையும் ஆட்சி கவிழ்ந்தது. அதன்பிறகு தர்மேந்திராவைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. சரளாவின் அண்ணன் ராமசாமி நியூசிலாந்தில், ஆக்லாந்தில் இருந்தான். தங்கை குடும்பத்தை அங்கே அழைத்துக்கொள்ள அவன் மனுப் போட்டான். நவம்பர் கடைசி வியாழக்கிழமை நேர்காணல் என்று கடிதம் வந்தது. சரளா அவன் கூடப்பிறந்தவள் என்பதை நிரூபிக்கப் புதிதாக எடுத்த பிறப்பு நகல் வேண்டும். வீட்டில் நால்வரும் போவது அந்த ஒரு தாளை நம்பியிருந்தது.

தன் நகலைத் தானே எடுக்கக் கூடாது. பக்கத்து மேசை யோகேந்திராவிடம் படிவத்தைக் கொடுத்தாள். பக்க எண்களைக் குறித்து வைத்தால் அவனுக்கு வேலை குறையுமே என்று, நேர்காணலுக்குப் ஆறு நாள் இருக்கையில், சாப்பாட்டு நேரத்தில் பிறப்புப் புத்தகத்தை எடுத்தாள். சரளா, பெண், தகப்பன் சின்னப்பன், 1944 மார்ச். சரியாக இருந்தது. பிறகு, பதினெட்டு வருடப் பழக்கத்தில், கை தானாகவே இறப்புப் புத்தகத்துக்குப் போனது.

சரளா, பெண், பதின்மூன்று மாதம், காய்ச்சல். தகப்பன் சின்னப்பன். அதே பாஸ் எண்.

மூன்று தடவை படித்தாள். பிறகு புத்தகத்தை மூடி, சாப்பிடாத டப்பாவையும் மூடினாள்.

சனிக்கிழமை காலை பா போகும் பஸ்ஸில் ஏறினாள். வழியில் இரண்டு இடத்தில் சிப்பாய்கள் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடக் கூடாது என்று உத்தரவு இருந்ததால், திங்கட்கிழமைதான் திரும்ப முடியும் என்று தெரிந்தேதான் போனாள்.

தாயம்மா கொய்யா மரத்தடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் ஒரு பிள்ளை இருந்ததா என்று சரளா கேட்டதும், ஆமா என்று மறைக்காமல் சொன்னாள். காய்ச்சலில் போன பிள்ளையைத் திருப்பித் தரச் சொல்லி உன் அம்மா மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டாள், பூ மிதித்தாள், அடுத்த வருடமே பெண் பிறந்தது, என்றாள்.

"போனவளே திரும்பி வந்துட்டான்னு உங்கம்மா சொன்னா. அதே பேரு. அதே தண்டை."

"அப்போ என்னை ஏன் சித்தி ஆபீஸ்ல எழுதலை?"

"எதுக்குப் புள்ள எழுதணும்? உன்னைத்தான் முன்னாடியே எழுதியாச்சே. ஒரே புள்ளைக்கு ரெண்டு காகஜ் எந்த ஊருல குடுப்பான்?"

சித்தி அதைத் துளிச் சந்தேகமும் இல்லாமல் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் எப்போதும் வகுப்பிலேயே குள்ளமாக, வயதுக்கு வளராதவள் என்று பேர் வாங்கி நின்றது சரளாவுக்கு நினைவுக்கு வந்தது. குறைந்திருந்தது வளர்த்தி அல்ல, வயது. அவள் உண்மையில் பிறந்தது 1946. அவள் பிறந்ததற்கு இந்தத் தேசத்தில் ஒரு வரிகூட இல்லை.

தாமதப் பதிவு என்று ஒரு வழி உண்டு. சாட்சி, சத்தியப் பத்திரம், நீதிபதியின் உத்தரவு. நல்ல காலத்திலேயே ஆறு மாதம் ஆகும். இப்போது எந்த நீதிபதி பதவியில் இருக்கிறார், எவர் ராஜினாமா செய்துவிட்டார் என்று பத்திரிகைக்காரர்களுக்கே தெரியவில்லை. நேர்காணலைத் தள்ளிப்போட்டால் மறுபடி எப்போது கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்களா என்பதும் தெரியாது. திங்கட்கிழமை இரவு வீட்டில் இதையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல தர்மேந்திரா தலையைக் குனிந்து கேட்டான். புத்தகத்தை நீ திறக்கவில்லை என்று நினைத்துக்கொள், மற்றவர்கள் யாரும் திறப்பதில்லையே, என்றான். போன வாரம் பக்கத்து வீட்டில் கல்லெறிந்ததைப் பற்றி அவன் பேசவில்லை. பேச வேண்டியிருக்கவில்லை; அந்த வீட்டின் உடைந்த சன்னல் சமையலறையிலிருந்தே தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை யோகேந்திரா நகலை எழுதி முடித்து, அவள் பக்கம் திரும்பினான்.

"இரண்டாவது புத்தகம் பார்க்கணுமா, தீதி? உங்க காகிதமாச்சே. பார்க்காம குடுத்தா நீங்களே என்னைத் திட்டுவீங்க."

கிண்டலாகத்தான் கேட்டான். வரிசையில் முன்னால் நின்ற கிழவர் பெருமூச்சு விட்டார். சரளா அவரைக் காட்டினாள்.

"வரிசை நிக்குது," என்றாள். "கையெழுத்துப் போடு."

அவன் அவளை ஒரு நொடி பார்த்துவிட்டுப் போட்டான்.

வியாழக்கிழமை நேர்காணல் எடுத்த பெண், ராமசாமியின் நகலையும் அவளுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணை ஒப்பிட்டாள். பிறந்த தேதியைக் கேட்டாள். சரளா செத்துப்போன அக்காவின் தேதியைச் சொன்னாள். அதன்பிறகு கடிதத்துக்குக் காத்திருந்த இரண்டரை மாதமும், அலுவலகத்தில் யாராவது 1944ஆம் வருடப் புத்தகத்தைக் கேட்டால் அவளே எழுந்து போய் எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் பக்கம் புரட்டும்வரை அருகிலேயே நின்றாள். யோகேந்திரா இதைக் கவனித்திருக்க வேண்டும்.

பிப்ரவரியில் அனுமதி வந்தது. ஆனால் நிம்மதி வரவில்லை. மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள். கூட வேலை பார்த்தவர்கள் கேக் வெட்டினார்கள், யாரோ அழுதார்கள். மூன்றரை மணிக்கு, சாமான்களை எடுக்கிறேன் என்று பின்னறைக்குப் போனாள். இரண்டு புத்தகங்களையும் விரித்து வைத்தாள்.

தான் என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தன் பிறப்புப் பதிவின் ஓரத்தில் அந்தச் சிவப்புக் குறிப்பு ஏறினால், இந்த நாட்டில் அவளுக்கு இனி பிறப்பு நகல் கிடையாது. பாஸ்போர்ட் காலாவதியானால் புதுப்பிக்க முடியாது. ஆக்லாந்திலிருந்து யாராவது சரிபார்க்கக் கடிதம் போட்டால், இங்கிருந்து போகும் பதில் அவளைத் தேடி வரும். தர்மேந்திராவிடம் சொல்லவில்லை. சதேந்திராவுக்குச் செய்ததைத் தனக்குச் செய்யாமல் போக முடியவில்லையா, அல்லது பதின்மூன்று மாதம் வாழ்ந்த ஒரு பிள்ளையின் பெயரில் தான் இன்னும் வாழ்ந்துகொண்டிருப்பது பொறுக்கவில்லையா, அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சிவப்பு மையில் எழுதினாள். அன்றைய தேதியைப் போட்டாள். கையெழுத்து வைத்தாள். மை காயும்வரை கதவைப் பார்த்துக்கொண்டே நின்று, புத்தகத்தை அதன் இடத்தில் செருகினாள்.

சனி, ஞாயிறு அலுவலகம் கிடையாது. திங்கட்கிழமை எட்டு மணிக்குத் திறப்பார்கள். அன்றே விமானம் பத்தரைக்கு.

நாந்தி விமான நிலையத்தில் அனிஷ் சாமான் வண்டியைத் தள்ளி விளையாடினான். ரஷ்மி தூங்கி வழிந்தாள். தர்மேந்திரா உயிர் வந்தவன்போல் எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தான். சரளா சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தாள். பாஸ்போர்ட் அதிகாரி அவளுடையதைப் புரட்டினான், மறுபடி முதலிலிருந்து புரட்டினான், பக்கத்து மேசைக்காரனிடம் ஏதோ கேட்டான். அவன் கேட்டது பேனா. முத்திரை விழுந்தது.

கண்ணாடிக் கதவைத் தாண்டியபோது மணி ஒன்பது நாற்பது. சுவாவில் கதவு திறந்து ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். வரிசை இதற்குள் படியிறங்கியிருக்கும்; யாராவது 1944ஆம் வருடப் புத்தகத்தைக் கேட்டிருக்கலாம்.