ஆணிக்கு ஒரு படம்

"...மூஞ்சி தெரியாட்டிப் போகுதுங்க அக்கா, எங்காத்தா களை வெட்டுனா இப்படியேதான் குனிஞ்சிருப்பா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, என் சுவரில் இருந்த படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மறுநாள் பெருந்துறையில் அவளுடைய புதுவீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். பூஜை அறையில் அவள் அப்பா படம் ஏறிவிட்டது. அந்தியூர்ச் சந்தையில் குதிரையோடு நின்று எடுத்துக்கொண்டது. அதற்குப் பக்கத்து ஆணிதான் காலி. அன்றைக்கு அம்மா களை வெட்டப் போயிருந்தாளாம். அப்புறம் சாகும்வரைக்கும் அவளை யாரும் படமெடுக்கவில்லை. பெற்றவள் இல்லாத சுவருக்கு எப்படி விளக்கு வைப்பது என்று இவளுக்குச் சோறே இறங்கவில்லை.

அந்த ஆணிக்கு அவள் கேட்கிற படமோ கோயமுத்தூரில் ஒரு கண்காட்சியில் நான் வாங்கியது. போன நூற்றாண்டுக்கும் முந்தைய பிரெஞ்சுக் குடியானவள் ஒருத்தி. அந்தக் காலத்துக் கேமராவுக்கு முன்னால் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். இவள் தலையைத் திருப்பிவிட்டாள் போலிருக்கிறது. முக்காட்டுக்குள் முகம் புகையாய்க் கரைந்து கிடக்கும். களைக்கொத்தைப் பிடித்த கை மட்டும் நரம்பு தெரிய அத்தனை தெளிவு. மத்தியான வெயில் கண்ணாடியில் பட்டால் புகை மெல்ல அசையும். இதோ நிமிரப்போகிறாள், தண்ணீர் கேட்கப்போகிறாள் என்று நானும் எத்தனையோ நாள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

"இவ பிரான்ஸ்காரி கண்ணு. வெள்ளகோயில்ல இருந்து உங்க மாமன் வருவாரே, கூடப் பொறந்தவளை அவருக்குத் தெரியாதா?"

"எங்க மாமனுக்குக் கண்ணாடி போட்டாலும் பஸ் போர்டு தெரியாதுங்க."

சிரித்துவிட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "சாமி கும்பிடற எடத்துல பொய் வேண்டாம் அம்மணி."

அவள் படத்துக்கு இன்னும் கிட்டே போனாள். பிறகு, "எங்காத்தான்னு நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க. கேட்டா, காட்டுல வேலை செஞ்சவ ஒருத்தின்னு சொல்லிப்போடறேன். அது பொய்யில்லீங்களே?" என்றாள்.

படத்தைக் கழற்றிக் கொடுத்தேன். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். குங்குமச் சிமிழைக் கேட்டு வாங்கினாள். மோதிர விரலில் தொட்டுக்கொண்டு, புகைக்குள் நெற்றி எங்கே இருக்கிறதென்று தேடினாள். விரல் அங்கேயே தயங்கி நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கி, கொத்தைப் பிடித்திருந்த அந்தக் கையில் பொட்டு வைத்தாள்.