ஒரு விரல் குறைவு

வாரத்தில் ஆறு நாள் மருந்துக்கடையில் நின்றபடி பில் போடுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது காலை நீட்டிப் படுக்கிற நாள். அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையை மே மாத வெயிலில் ஒரு தீம் பார்க்குக்குத் தாரை வார்த்தேன். காரணம், என் மகள் தலையில் முடி இல்லாததுதான்.

போன வருஷக் கோடையில் கடற்கரைச் சாலையிலிருக்கும் அந்தப் பார்க்குக்கு என் அண்ணன் குடும்பத்தோடு போயிருந்தோம். அங்கே தலைகீழாகச் சுற்றி வரும் ரயில் ஒன்று உண்டு. நாலடி உயரம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். என் மகள் இரண்டு விரல் குறைந்தாள். அண்ணன் பையன் கத்திக்கொண்டே போய்க் கத்திக்கொண்டே வந்ததைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. சமையலறைக் கதவு நிலையில் நாலடிக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். தினமும் பல் தேய்த்ததும் அதில் முதுகை ஒட்டி நின்று, தலைமேல் ஸ்கேலை வைத்துக்கொண்டு, "ம்மா, வந்து பாரேன்" என்பாள். பால் பொங்குகிற நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிடுவாள். அவளுக்குச் சுருட்டை முடி, நல்ல அடர்த்தி. ஸ்கேல் அதன் மேல்தான் உட்காரும். பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் ஸ்கேல் கோட்டைத் தொட்டது. அன்றைக்கு அவள் போட்ட ஆட்டத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன ஏது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பிறகு டெங்கு வந்தது. ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போகிறது என்று டாக்டர் சொன்ன அன்று, என் கணவர் ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய்விட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வேண்டிக்கினேன்" என்றார்.

"இன்னான்னு?"

"கொலசாமிக்கு முடி குடுக்கறேன்னு."

"யாரு முடிய?"

"பாப்பா முடியத்தான்."

அவர் தலையில் கொடுக்கும்படி எதுவும் மிச்சமில்லை. அது அவர் குற்றமில்லை. அந்த நேரத்தில் யார் யாரைக் கேட்டுக்கொண்டிருப்பது? பிள்ளை பிழைத்தால் போதும் என்றிருந்தது. பிழைத்து, வீட்டுக்கு வந்து, ஒரு வாரத்தில் இட்லி வேண்டாம் தோசை வேண்டும் என்று அடம் பிடிக்கிற அளவுக்குத் தேறினாள்.

மொட்டை என்றதும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஒன்பது வயதுப் பெண், ஜூனில் ஐந்தாம் வகுப்பு. அதற்குள் வளர்ந்துவிடும் என்று நான் சொன்னதெல்லாம் எடுபடவில்லை. கடைசியில் இவர் கதவில் வாயை வைத்துச் சொன்னார். "மொட்ட போட்டுக்கோ பாப்பா. மறு வாரமே பார்க்குக்கு இட்டுக்கினு போறேன். அந்த ரயில்ல ஏறலாம்."

உள்ளேயிருந்து "சத்தியமா?" என்று கேட்டாள். "சத்தியமா" என்றார். தாழ்ப்பாள் திறந்தது. வேடந்தாங்கல் பக்கம் இவர்கள் ஊர்க் கோயிலில் தலையில் கத்தி ஓடும்போது அவள் அழவே இல்லை. அந்த ரயிலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

வாரம் முழுக்க ஓ.எம்.ஆர். ஆபீஸ்காரர்களை வேனில் ஏற்றி இறக்குகிற என் கணவர், லீவு நாளில் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறார். அந்தக் கொள்கையால் செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், இரண்டிலும் நான் நின்றுகொண்டே போனேன். பார்க் வாசலில் பையைத் திறந்து பார்த்து, வெளிச்சாப்பாடு உள்ளே வரக்கூடாது என்றார்கள். விடியுமுன் எழுந்து கிளறிய புளிசாதம். குப்பையில் போட மனசு வரவில்லை. மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே, டிக்கெட் கவுன்டர் நிழலில் நின்று மூவரும் தின்று தீர்த்தோம். மகள் மட்டும் ரயில் சத்தம் வரும் பக்கமே பார்த்துக்கொண்டு மென்றாள்.

ரயிலுக்கு நீண்ட வரிசை. தகரக் கூரைக்கு அடியில் அனல் இறங்கியது. அவள் மொட்டையில் பூசிய சந்தனம் வியர்வையில் கரைந்து காதோரம் வழிந்தது. துடைக்கப் போனால் கையைத் தட்டிவிட்டாள். எங்கள் முறை வந்தது. உயரம் பார்க்கிற அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். என்னைப் போலவே ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றச் சொல்லி, குறுக்குக் கட்டையைத் தலைக்கு நேராக இறக்கினாள். கட்டைக்கும் மொட்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"ஒரு வெரல் கொறயுதும்மா" என்றாள்.

"இல்லீங்க, சரியா இருந்துச்சு. வூட்ல அளந்தமே" என்றார் இவர். "போன வாரம் முடி எடுத்தோம். கோயிலுக்கு. அதான் கொறயுது. கொஞ்சம் பாத்து விடுங்கக்கா."

"சாமிக்கு எடுத்தீங்க, சரி. பெல்ட்டு தோள்ல ஒக்காரணும் சார். புள்ள நழுவிட்டா நான் இன்னா பண்றது?"

அவள் சொன்னதில் தப்பில்லை. பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். என் மகள் கையைத் தூக்கித் தலையைத் தடவினாள். முடி இருந்த இடத்தைத் தடவிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா சொன்ன சொல்லை நம்பிக் கொடுத்த முடிதான் அந்தச் சொல்லைக் கெடுத்தது என்பது அந்த நிமிஷம் அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்குக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. சாமி மேல் காட்டலாமென்றால், பிள்ளையைத் திருப்பிக் கொடுத்ததும் அதுதான்.

அவள் அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "டிக்கெட்டு வாங்கியாச்சு, வா பாப்பா" என்று இவர் எங்கெங்கோ இழுத்துப் போனார், அவளும் போனாள். சுற்றும் கோப்பையில் மூன்று பேரும் ஏறி, இறங்கியதும் நான் புளிசாதத்தை வாந்தியெடுத்தேன். அலைக்குளத்தில் சந்தனத்தைக் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள், கழுவினாள். தண்ணீரில் முட்டியளவு நின்றுவிட்டு, "போலாமா?" என்று என்னிடம் கேட்டாள். தொப்பி வாங்கித் தரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் நல்லவேளையாக மூவருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்தது. அவள் ஜன்னலோரம், இவர் நடுவில், நான் இந்தப் பக்கம். முட்டிக்குக் கீழே என் கால் எனக்குச் சொந்தமில்லை.  திருக்கழுக்குன்றம் வந்ததும் மலை மேல் கோயில் தெரிந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் செய்வதைப் போல இவரும் கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டார். வாய் ஏதோ முணுமுணுத்தது.

"இன்னா வேண்டிக்கின?" என்று கேட்டாள் மகள். அந்த ரயில் வரிசையிலிருந்து வந்த பிறகு அப்பாவிடம் அவளாக வாய் திறந்தது அப்போதுதான்.

"ஒண்ணுமில்ல பாப்பா. அடுத்த வருசம் நீ நல்லா வளந்து அதுல ஏறணும்னுதான்."

அவள் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். "அதுக்கு என்கிட்டருந்து இன்னா குடுக்கறேன்னு சொன்ன?"

இவர் கும்பிட்ட கையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார்.