பியாட்ரிஸ் சொன்ன தடை

"லண்டன்ல போயி இன்னாம்மா படிக்கப் போறே?" என்று கேட்டார் பங்குச்சாமியார்.

"எலக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங், சாமி," என்றாள் பியாட்ரிஸ்.

"கரண்டுக் கம்பியைப் பிடிக்கவா கப்பல் ஏறணும்? சாந்தோம்ல கம்பி இல்லையா?"

"கம்பி இருக்கு சாமி. கத்துக் குடுக்கத்தான் ஆள் இல்ல. இங்க இன்ஜினீயரிங் காலேஜில பொண்ணுங்களைச் சேர்த்துக்கறதில்ல."

"ஏன் சேர்த்துக்கறதில்லன்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன். எனக்குக் காரணம் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க."

சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்க எல்லாரும் வேற சபைக்காரங்க. விசுவாசம் போயிடும்."

"பொறந்ததுலேர்ந்து நீங்க சொல்லிக் குடுத்த விசுவாசம் சாமி. அது கடல் காத்துபட்டா போயிடும்னா, குத்தம் எங்கிட்ட மட்டும்தானா?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "முதல்ல கல்யாணம் பண்ணிக்கோ. அப்புறம் புருஷன் அனுப்பினா போ. நற்சான்று நான் எழுத மாட்டேன்," என்றார்.

துணைக்குப் போயிருந்த நான் இதையெல்லாம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பியாட்ரிஸ் எனக்கு ஒரு வகுப்பு மூத்தவள். கன்னியர் பள்ளியில் இருவரும் தமிழும் ஆங்கிலமும் படித்தோம். பள்ளியில் மின்விசிறி நின்றுபோனால் கன்னியர்கள் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள், பிறகுதான் மிஸ்திரியை. இன்டர்மீடியட்டில் முதல் வகுப்பில் தேறினாள். செலவை ரங்கூனில் தாதியாக இருந்த அவளுடைய அத்தை ஏற்றுக்கொண்டாள். லண்டன் கல்லூரி கேட்டவற்றில் ஒன்றுதான் பாக்கி. மாணவியின் நடத்தையைப் பற்றி அவளுடைய மதகுரு எழுதிய கடிதம் வேண்டும். அது இல்லாமல் விண்ணப்பத்தைப் பார்க்கவே மாட்டார்கள்.

அவளுடைய தகப்பனார் அல்போன்ஸ், பங்குப் பள்ளியில் வாத்தியார். சாமியார்தான் பள்ளிக்கும் தலைவர். அதனால் சாமியார் சொன்ன கல்யாணப் பேச்சு அந்த வீட்டில் வேகமாக நடந்தது. மாப்பிள்ளை விக்டர், துறைமுகத்தில் குமாஸ்தா. நல்லவன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்கள் கோவிலில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமானால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று பிரசங்கம் முடிந்ததும் சாமியார் அறிவிப்பார். அதற்கு முன்பே பெண்ணை அழைத்துச் சம்மதம் கேட்பதும் முறை. பியாட்ரிஸிடமும் கேட்டார்.

"எனக்கு இஷ்டமில்ல சாமி," என்று அவள் தெளிவாகச் சொன்னாள்.

அவளுடைய தாய் டோரதி சிரித்துவிட்டாள். "வெக்கம், சாமி. என்னைக் கேட்டப்ப நானும் இதைத்தான் சொன்னேன்."

சாமியாரும் சிரித்தார். எங்கள் குடும்பங்களில் கேட்டவுடனே சரி என்று சொல்லும் பெண்ணை யாரும் மதிப்பதில்லை. முதல் முறை மாட்டேன் என்பதுதான் வளர்ப்பு. அவள் சொன்ன மறுப்பை அவர்கள் நல்ல வளர்ப்பென்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் முறை யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு முதல் ஓலை வாசிக்கப்பட்டது. தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் முடித்துவிட்டு, காகிதத்தை மடித்தார். அந்த இடத்தில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து பியாட்ரிஸ் எழுந்தாள்.

"தடை இருக்கு சாமி. பொண்ணுக்குச் சம்மதம் இல்ல."

"யார் சொன்னா?" என்றார் சாமியார், பழக்கதோஷத்தில்.

"பொண்ணு நான்தான்."

"இன்னாடி இது, கோயிலா சந்தையா? உக்காருடி," என்றாள் பின்னாலிருந்து விக்டரின் பெரியம்மா. "இங்கிலீசு படிக்க வெச்சா இப்டித்தான் வாய் நீண்டுகினு போவும்."

"வாய் நீளல பெரியம்மா. போன வாரம் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்றேன். அன்னிக்குச் சிரிச்சாங்க."

டோரதி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். பியாட்ரிஸ் உட்காரவில்லை. பெண்ணுக்குச் சம்மதமில்லை என்று தெரிந்த பிறகு எந்தச் சாமியாரும் தாலி மந்திரிக்க முடியாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஓலை அத்தோடு நின்றது.

மறுநாள் காலை அவள் என்னை மறுபடி சாமியாரிடம் அழைத்துப் போனாள். நான் பழையபடி கதவோரம் நின்றுகொண்டேன்.

"இன்னும் எதுக்கு வந்தே?" என்றார்.

"நற்சான்றுக்குத்தான் சாமி."

"உனக்கு நற்சான்றா? நேத்து நீ செஞ்சதை எழுதினா உன்னை எந்தக் காலேஜும் வாசல்ல நிக்க விடாது."

"அதையே எழுதுங்க. நடந்ததை எழுதினாப் போதும். கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

கோபத்தில் அவர் எழுதியே விட்டார். இந்தப் பெண் பிடிவாதக்காரி, பெற்றோர் முடிவு செய்த திருமணத்தைப் பூசை நடுவே எழுந்து நின்று மறுத்தாள், யார் சொல்லியும் உட்காரவில்லை, பொய் சொல்லி நான் கேட்டதில்லை, பூசைக்குத் தவறியதில்லை. கடைசி இரண்டையும் அவர் ஏன் சேர்த்தார் என்று எனக்குத் தெரியாது. கோபமாக இருந்தாலும் நேர்மையான மனிதர்.

அல்போன்ஸ் வாத்தியார் அதைப் படித்துவிட்டு, "இத்தை அனுப்பாதேம்மா. நம்மளை நாமே காட்டிக் குடுக்கிற மாதிரி," என்று கெஞ்சினார்.

"என்னைச் சேர்க்கிறவங்க என்னைத் தெரிஞ்சே சேர்க்கட்டும், அப்பா," என்று சொல்லி, அன்றைய தபாலிலேயே அனுப்பினாள்.

பதில் வரும்வரை அந்த வீடு பட்டபாட்டை நான் பார்த்தேன். வாத்தியாருக்கு மேல்வகுப்புகள் போய் அரிச்சுவடி வகுப்பு வந்தது. மீன் விற்க வரும் தாயம்மா மட்டும் வழக்கம்போல அவர்கள் வாசலில் கூடையை இறக்கி, "பொண்ணு வேணாம்னா வேணாந்தான். இதுக்குப் போயி இன்னாத்துக்கு மூஞ்சைத் தூக்கிக்கினு கீறாங்க?" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். லண்டன் பதிலில் சாமியார் கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இடம் கொடுத்திருந்தார்கள்.

ஆனால் கோவிலில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. டோரதி எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் அதில் வேறு யாரும் உட்காருவதில்லை. பியாட்ரிஸ் கூட இருந்த வரையில், அகலமான பெஞ்சில் இருவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் தூண் பக்கத்தில், யார் கண்ணிலும் படாத என் இடத்தில் இருப்பேன்.

கப்பல் ஏறுவதற்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்து கடற்கரைப் பக்கமாக நடந்தோம். கூட்டத்தில் என்னை யாராவது பார்த்தாலே எனக்குக் கூசும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள்.

"நான் போன பிறகு அம்மா தனியா உக்காருவாங்க. நீ அவங்க பக்கத்துல உக்காரணும். முன்னாடியே வந்து உக்காந்துடாதே. கோயில் நிறைஞ்ச பிறகு வா. எல்லாரும் பாக்கட்டும், நடுவால நடந்து வந்து உக்காரு."