அரைச் சாண் உயரம்

ரோவீனா ஹாக்ஸ் வண்டி ஓட்டுவதை முதல்முறை பார்க்கிறவர்கள், வண்டியில் ஓட்டுகிற ஆளே இல்லையென்று ஒரு கணம் பதறிப்போவார்கள். ஸ்டீயரிங் இருப்பது இடப்பக்கம். அவள் உட்கார்ந்திருப்பதோ வலப்பக்க ஜன்னலோரம். இடது கையை எட்டி நீட்டி ஸ்டீயரிங்கின் விளிம்பைப் பிடித்திருப்பாள். இடது காலை அந்தப் பக்கம் போட்டு பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் மாற்றி மாற்றி மிதிப்பாள். வலது கை தபாலுக்கு. ஆர்கன்சாஸ் மலைச்சாலைகளில் வீட்டுக்கு வீடு ஒரு கம்பம், கம்பத்தின் மேல் ஒரு தகரப் பெட்டி. வண்டியை நிறுத்தாமல் நிறுத்தி, ஜன்னல் வழியே கையை விட்டு, மூடியைத் திறந்து, தபாலைத் தள்ளி, மூடிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போகவேண்டும்.

புருஷன் விட்டுப்போன வருஷம் இந்த வேலைக்கு வந்தவள். அவன் விட்டுச்சென்றதில் உருப்படியானது அந்த பிக்கப் வண்டி ஒன்றுதான். இருபது வருஷத்துக்குமேல் கோணலாக உட்கார்ந்து உடம்பே கோணிவிட்டது. தேவாலயத்தில்கூட அவள் இடது காலை நீட்டிக்கொண்டுதான் உட்காருகிறாள் என்று தம்பி லெவி கேலி செய்வான். "பாஸ்டர் நீட்டி முழக்கினா பிரேக் போடப் பாக்கறியாக்கா?" என்பான்.

அவளுடைய தடத்தின் கடைசியில் கல்லோடை குறுக்கே ஓடுகிறது. மேலே ஒரு தரைப்பாலம், அதாவது கைப்பிடிச் சுவர்கூட இல்லாத வெறும் கான்கிரீட் பலகை. அதற்கு அப்பால் மலைமேல் ஒரேயொரு வீட்டில்தான் ஆள் இருந்தார். ஆர்வில் பென்ஸ். எண்பதைத் தொடப்போகிற மனிதர். மரமில்லில் வேலை பார்த்தே நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். கண் மங்கியதும் ஓட்டுநர் உரிமத்தைத் தானே திருப்பிக் கொடுத்துவிட்டார். மூக்கில் குழாய், கூடவே ஆக்ஸிஜன் சிலிண்டர். இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் எல்லாமே தபாலில்தான் வரும். பிள்ளைகள் இருவரும் வேறு மாநிலத்தில்.

அந்த வசந்தத்தில் பெய்த மழை தரைப்பாலத்துக்கு அப்பாலுள்ள ஏற்றத்தை அரித்துத் தின்றுவிட்டது. மண் போய்ப் பாறை மட்டும் நின்றது. ரோவீனாவின் பிக்கப் அடிவயிறு இடித்து, எண்ணெய் ஒழுக ஒழுகத் திரும்பி வந்தது. தபால் நிலையத் தலைவி கிளென்னிஸ் அவளைக் கூப்பிட்டுப் பேசினாள்.

"அந்தப் பெட்டிய ஓடைக்கு இந்தப் பக்கம் நட்டுருவோம் ரோவீனா."

"அவரால எப்படி வர முடியும்? வீட்டுலேர்ந்து ஓடைக்கு ரெண்டு மைல்."

"எனக்கு மட்டும் தெரியாதா? நான் ஒண்ணும் ஈவு இரக்கம் இல்லாதவ இல்ல. ரோடே இல்லாத எடத்துக்கு உன்ன எப்படி அனுப்பறது?"

"என்னால போக முடிஞ்சா?"

கிளென்னிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "முடிஞ்சா போ. முடியாதுன்னா பெட்டி இந்தப் பக்கம் வரும்."

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்க வசதியில்லை. இருக்கிற வண்டியைத் தூக்கிவிடலாம் என்றான் லெவி. அவன் கொட்டகையில் ஒரு சனிக்கிழமை முழுக்க அந்த வேலை நடந்தது. முன்பக்கச் சுருள்வில்லுக்கு மேலே தடித்த வளையங்களைச் செருகினான். பின்பக்கம் அச்சுக்கும் பட்டை வில்லுக்கும் நடுவே இரும்புக் கட்டைகளை வைத்து, நீளமான போல்ட்டுகளால் இறுக்கினான். உள்ளே உரசாமலிருக்க மட்கார்டின் ஓரத்தை அடித்து மடக்கிவிட்டுப் பெரிய டயர்களை மாட்டினான். ஜாக்கியிலிருந்து இறங்கியபோது வண்டி முன்பிருந்ததைவிட அரைச் சாண் உயர்ந்திருந்தது.

"ஏறிப் பாருக்கா. ஏணி வேணுமா?"

"வாய மூடு."

"ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோ," என்றான் லெவி, கையைத் துடைத்துக்கொண்டே. "ஒசரம்தான் கூடியிருக்கு. தள்றது இன்னமும் பின்னாடி ரெண்டு சக்கரம்தான். பாறை மேல ஏறும். சேத்துலயும் தண்ணியிலயும் பழைய வண்டிதான். பிரேக்கும் கொஞ்சம் தள்ளித்தான் பிடிக்கும், பாத்துக்கோ."

திங்களன்று பாறை ஏற்றத்தில் வண்டி எங்கும் இடிக்காமல் ஏறியது. ஆர்வில் வாசலில் நின்றிருந்தார்.

"என்ன பொண்ணே, லாரியா ஓட்டிட்டு வர்ற? சத்தம் எங்கேயோ மேலேர்ந்து வருது."

"கொஞ்சம் வளந்துட்டேன் மிஸ்டர் ஆர்வில்."

அன்று அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. மற்ற பெட்டிகளைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. லெவியும் யோசிக்கவில்லை. ஒரு தடத்தில் முந்நூறு பெட்டிகள்; எல்லாம் பழைய ஜன்னலின் உயரத்துக்கு நட்டவை. இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் அவள் ஜன்னலுக்கு வெளியே தோள்வரை தொங்கி, கையைக் கீழே விட்டுத் துழாவவேண்டியிருந்தது. பெரிய டயரால் ஸ்டீயரிங்கும் கனத்துவிட்டது. அதை இழுக்க இருப்பதோ இடது கை ஒன்றுதான். வெள்ளிக்கிழமை வலது தோளை அவளால் தலைக்குமேல் தூக்க முடியவில்லை. சட்டையைப் படுக்கையில் பரப்பிவைத்து அதற்குள் நுழைந்தாள்.

சாலையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். முதலில் கேலி வந்தது. "மேகத்துக்கும் தபால் கொண்டுபோறியா ரோவீனா?" என்று கேட்டவள், கோழிப்பண்ணை வைத்திருக்கும் திருமதி டாக்கெட். அடுத்த வாரம் அதே டாக்கெட் வீட்டுப் பெட்டி புதுக் கம்பத்தில், சரியாக ரோவீனாவின் கைக்கு வாகாக நின்றது.

"யார் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நீ தொங்கறதப் பாத்து என் தோளு வலிக்குது. போ, போ, கோழிக்கு நேரமாச்சு."

அதற்கப்புறம் தொற்றுநோய்போல அது பரவியது. ஒருவர் பழைய கம்பத்தின்மேல் மரத்துண்டு வைத்து ஆணியடித்தார். இன்னொருவர் பால் கேனைக் கவிழ்த்து அதன்மேல் பெட்டியைக் கட்டினார். தேவாலயத்து ஆண்கள் ஒரு சனிக்கிழமை மண்வெட்டியோடு கிளம்பி வரிசையாக நட்டுக்கொண்டே போனார்கள். மாதம் முடிவதற்குள் பாதிச் சாலை உயர்ந்துவிட்டது.

ரோவீனாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே ஒரு உறுத்தலும் இருந்தது. பெட்டி எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்பதற்கு விதி உண்டு. தப்பான உயரத்தில் இருந்தால் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லவேண்டியவளே அவள்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். ஆசையாகச் செய்தவர்களின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்பது ஒரு காரணம். தோள் வலி குறைந்திருந்தது என்பது இன்னொரு காரணம். இரண்டில் எது பெரியது என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். பதில் பிடிக்காததால் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

இலையுதிர்காலத்தில் மறுபடி மழை. கல்லோடை தரைப்பாலத்துக்குமேல் முழங்கால் அளவுக்கு ஓடியது. பழைய வண்டியாக இருந்தால் யோசிக்காமல் திரும்பியிருப்பாள். அன்று இருக்கையில் ஆர்விலின் மாத்திரைப் பொட்டலம் கிடந்தது. ஜன்னலிலிருந்து பார்க்கத் தண்ணீர் எங்கேயோ கீழே, மெல்லிசாக, ஒரு துணிபோல ஓடியது. அவள் வண்டியைத் தண்ணீரில் இறக்கிவிட்டாள்.

பாலத்தின் நடுவில் வண்டியின் பின்பக்கம் லேசானதை முதுகில் உணர்ந்தாள். பின்சக்கரங்கள் சுழன்றன, தள்ளவில்லை. வண்டி மெதுவாக, அவசரமே இல்லாமல், ஓடையின் கீழ்ப்பக்கமாக நகர்ந்தது. வலது ஓரத்தில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் அதைத் திருப்ப முடியவில்லை. தபால் தட்டைத் தள்ளிவிட்டு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பாய்ந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் ஒடித்தாள். பின்சக்கரம் பலகையின் விளிம்பில் எதிலோ முட்டிப் பிடித்தது. வண்டி குலுங்கி, அலறி, கரையேறியது. ஈரத் தபால்கள் காலடியில் கிடந்தன.

ஆர்வில் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். "பள்ளத்துச் சத்தமெல்லாம் இங்க ஏறி வரும். ஓடை நடுவுல இன்ஜின் சத்தம் ஒரு மாதிரி கேட்டுச்சே?"

"கியர் மாத்தினேன்."

"உன் வண்டியில கியர் தானா மாறும் பொண்ணே."

தண்ணீர் வடிகிறவரை போகமுடியாது. அவர் பீன்ஸும் சோள ரொட்டியும் எடுத்துவைத்தார். அவள் ஸ்பூன் தட்டில் தாளம் போட்டது. அவருக்குக் கண்தான் மங்கல், காது அல்ல.

அன்று ஒடித்ததில் தோள் மறுபடி பிடுங்கிக்கொண்டது. மருத்துவர் இரண்டு வாரம் ஓய்வு என்றார். அவளுக்குப் பதிலாக வந்த லிண்டி ஓட்டுவது சின்னக் கார். உயர்த்திய ஒவ்வொரு பெட்டிக்கும் அவள் காரைவிட்டு இறங்கி, மழையில் நின்று, ஏற வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் நேராகக் கிளென்னிஸிடம் போய், அந்தத் தடத்தில் தபால் வாங்குகிறவர்கள் மனிதர்களா ஒட்டகச்சிவிங்கிகளா என்று கேட்டாளாம்.

கிளென்னிஸ் தானே கிளம்பி வந்து அளந்தாள். பிறகு ரோவீனாவின் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். காபியைத் தொடவில்லை.

"ஒரு வீட்டுக்காக நீ வண்டியத் தூக்கின. உனக்காக ஊரே பெட்டியத் தூக்கிருச்சு. நாளைக்கு உனக்கு பதிலா வர்றவ எதத் தூக்கறது, சொல்லு?"

"மிஸ்டர் ஆர்வில்..."

"அன்னிக்கு ஓடையில என்ன நடந்துச்சு?"

ரோவீனா மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள். பிறகு சொன்னாள். முழுசாகச் சொன்னாள்.

கிளென்னிஸ் காபிக் கோப்பையைத் தள்ளிவைத்தாள். "நீ அங்க செத்திருந்தா அந்த மனுஷன் மாத்திரை சாப்பிட்டிருப்பாருன்னு நெனைக்கிறியா?"

பெட்டிகள் எல்லாம் இறங்கவேண்டும். வண்டியும் இறங்கவேண்டும். ஆர்விலின் பெட்டி ஓடைக்கு இந்தப் பக்கம் வரவேண்டும். அதை அவரிடம் போய்ச் சொல்வது மட்டும் தன் வேலை என்று ரோவீனா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஓடை வற்றிய ஒரு நாளில் தூக்கிய வண்டியிலேயே போனாள். வீட்டுக்கு முன்னால் பெட்டியைக் காணோம். கம்பத்தோடு பிடுங்கப்பட்டு வாசல் சுவரில் சாய்ந்திருந்தது.

"யார் பிடுங்கினது?"

"நான்தான். தினம் கொஞ்சம் கொஞ்சமா ஆட்டிக்கிட்டே இருந்தேன். ஆடின பல்லு மாதிரி கையோட வந்துருச்சு." மூச்சு வாங்கிக்கொண்டார். "என் மாத்திரைக்காக நீ தண்ணியில போனத காதால கேட்டேன். இன்னொரு வாட்டி கேக்க என்னால ஆகாது. வண்டியில போட்டு எடுத்துட்டுப் போ."

"அப்புறம் யார் வந்து எடுப்பாங்க?"

"ஞாயித்துக்கெழம சர்ச்சுக்காரங்க யாராவது எட்டிப் பாப்பாங்க. நடுவுல நானும் நடந்து பழகறேன்."

தூக்கிய வண்டி கடைசியாகச் சுமந்தது அந்தப் பெட்டியைத்தான். ஓடைக்கு இந்தப் பக்கம், விதி சொன்ன உயரத்தில், அவளே குழி தோண்டி நட்டாள். மறுநாள் லெவி கட்டைகளைக் கழற்றினான். கடைசி போல்ட்டை முறுக்கியபிறகு, "தூக்க ஒரு நாள் முழுசா ஆச்சு. எறக்க பாதி நாள் கூட ஆகல," என்றான்.

பெட்டியைத் தாழ்த்தச் சொன்னபோது எல்லோரும் தாழ்த்தினார்கள். திருமதி டாக்கெட் மட்டும் மண்வெட்டியில் சாய்ந்தபடி கேட்டாள்: "இது தப்புன்னு உனக்கு மொதல்லயே தெரியும்ல? அப்பவே சொல்லியிருந்தா பாதி ஊரு குழி தோண்டாம இருந்திருக்கும்ல?"

தெரியும் என்றாள் ரோவீனா. ஆர்விலுக்காகத்தான் எல்லாம் செய்தோமா, எந்த வீட்டையும் விட்டுவிடாதவள் என்ற பேருக்காகவா என்று அன்று முழுக்க ஓட்டிக்கொண்டே யோசித்தாள். பெட்டிகள் கைக்கு வாகாக வந்துபோயின.

செவ்வாயன்று ஆர்விலின் பெட்டியில் மாத்திரைப் பொட்டலத்தை வைத்தாள். புதனன்று மூடியைத் திறந்தபோது பொட்டலம் அங்கேயே இருந்தது.

தலையைத் தூக்கினாள். தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம், பாறை ஏற்றத்தின் உச்சியில், கவிழ்த்த வாளிமேல் ஆர்வில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கைவண்டியில் சிலிண்டர், கயிற்றால் கட்டியிருந்தது.

"மிஸ்டர் ஆர்வில்!"

"வந்துட்டியா! நேத்து பாதி வழிதான் ஆச்சு," என்று கத்தினார். கத்தியபிறகு வெகுநேரம் மூச்சை இழுத்தார். "இன்னிக்கு இதுவரைக்கும்."

அவள் வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு, பொட்டலத்தோடு பாலத்தைக் கடந்து பாறைகள்மேல் ஏறி ஓடினாள். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. சிலிண்டரின் முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

"இத ஏன் பண்ணீங்க?"

"அந்தப் பலகைய தாண்ட மட்டும் தைரியம் வரல. கண்ணு தெரியாம விளிம்பு எங்கன்னு பிடிபடல. தண்ணி மேல நடந்தவர் வேற ஒருத்தர், நான் இல்ல." சிரிக்கப் பார்த்தார். அது இருமலாக முடிந்தது.

அவள் பொட்டலத்தை அவர் மடியில் வைத்துவிட்டு, திரும்பித் தன் வண்டியைப் பார்த்தாள். அது தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பாறைகளில் அது முதல் வளைவைக்கூடத் தாண்டாது. இந்த மூச்சோடு அவரைப் பாறையில் நடத்தி இறக்கவும் முடியாது. பள்ளத்தில் தொலைபேசியும் எடுக்காது.

"இங்கேயே உக்காந்திருங்க. மேட்டுக்குப் போனா சிக்னல் கிடைக்கும். ஆம்புலன்ஸக் கூப்பிடறேன். லெவியையும் வரச்சொல்றேன்."

"ஆம்புலன்ஸா? ஒரு வாளி மேல உக்காந்திருக்கறதுக்கா? போ பொண்ணே, மத்தவங்க தபாலுக்குக் காத்திருப்பாங்க."

அவள் பாலத்தைத் திரும்பக் கடந்து வண்டியில் ஏறினாள். இந்த முறை வலப்பக்கம் போகவில்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்தாள். மேட்டை நோக்கி ஏறும்போது கண்ணாடியில் அவர் தெரிந்தார். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, கைவண்டியின் பிடியைத் துழாவி, எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். உக்காருங்க, உக்காருங்க என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டே மிதித்தாள். வளைவு வந்து கண்ணாடியில் மரங்கள் நிறைந்தன.